பத்திரிகை ஆசிரியர் தோளில் தலைவரின் கை

“…ஆளைப் பத்திப் பேசுங்க, பத்திரிகையை விட்டுருங்க. இல்லீங்களா, பத்திரிகையைப் பத்திப் பேசுங்க, ஆளை விட்டுருங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கறதத்தான் வேண்டாங்கறேன்” என்றார் எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர்.

மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பேக்கரியை ஒட்டி, தன்னுடைய பிளக்ஸுக்கு அடியிலேயே நின்றுகொண்டு சொன்னார். மேலே பத்தடி உயரத்தில் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் குளிரிலும், அதே முகம் வேர்த்துக்கொண்டிருந்தது. பேக்கரி மாடியில் கூட்டம் தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம். பேச வேண்டியவன் நான். பேச வேண்டிய பொருள், பிளக்ஸில் அவருக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்.

நான் மலையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழே அனுப்புகிறவன். படிப்பு ஒன்பதாவதோடு சரி. இங்கிலீஷ் கற்றது ஒரு பழைய அகராதியிடம். அகராதிக்குக் கோபம் வராது, கையில் பிரம்பும் கிடையாது, அதனால் என் வாத்தியார்களைவிட அது மேல். இன்னொரு பைத்தியமும் எனக்கு உண்டு. யாராவது நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டால் கையில் கிடைத்ததில் எழுதி வைப்பேன். கையில் கிடைப்பது பெரும்பாலும் மிளகுச் சாக்கு. அப்படி எத்தனையோ சொலவடைகள் சாக்கோடு சாக்காகச் சேலம் போய்ச் சேர்ந்துவிட்டன.

என்னைப் போலப் படித்துத் தொலைத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தொடங்கியதுதான் வாசகர் வட்டம். ஒரு தபால்காரர், இரண்டு டீச்சர்கள், அரியூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) மரவள்ளி போடுகிற ஒரு அக்கா, இப்படி. என் ஆளும் வருவார். ‘என் ஆள்’ என்று நான் சொல்வது, என்னோடு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற ஜீப்காரரை. அவர் புத்தகம் படிக்கமாட்டார். மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார், தூங்குவார், பிறகு எல்லாரையும் ஜீப்பில் ஏற்றி அவரவர் ஊரில் இறக்கிவிடுவார்.

எங்கள் இரண்டு பேரையும் பற்றி மலை என்ன நினைத்தது என்று கேட்பீர்கள். மலை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததாலேயே தெரியாது என்று அர்த்தமில்லை. மரவள்ளி அக்கா ஒரு தடவை, என் காதில் விழ வேண்டும் என்றே, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “கொடி எந்த மரத்துல ஏறுனா என்ன கண்ணு? மிளகு காச்சாச் சரி.” அதை நான் சாக்கில் எழுதவில்லை. அது கீழே போய்விடக் கூடாது என்று மனசிலேயே வைத்துக்கொண்டேன்.

தலைவர் மலைக்காரர் அல்ல. கீழே பெரிய ஆபீஸ் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்று, மூட்டுவலிக்கு நல்ல காற்று வேண்டும் என்று குண்டனி நாட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். நல்ல காற்று கிடைத்தது, நாற்காலிதான் கிடைக்கவில்லை. நாற்பது வருஷம் நாற்காலியில் இருந்தவருக்கு அது இல்லாமல் முதுகு வலிக்கும் போலிருக்கிறது. எங்கள் வட்டத்துக்குத் தலைவர் என்று ஒருத்தர் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தாகத்தில் சுனையைக் கண்டவன் முகம் அப்படி இருக்கும். நாங்களும் மரியாதைக்கு, “நீங்களே இருங்க சார்” என்றோம். மரியாதையில் செய்த முட்டாள்தனம் அது.

அவர் படிப்பதில்லை. கண் கோளாறு, நேரமில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார். ஆனால் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசுவார். பேசும்போது புத்தகத்தைத் தட்டித் தட்டிக் காட்டுவார், மாட்டுத் தரகர் மாட்டின் முதுகைத் தட்டுகிற மாதிரி. அவர் வந்த பிறகு கூட்டத்துக்கு மேடை வந்தது, மைக் வந்தது, சால்வை வந்தது, பிளக்ஸ் வந்தது. இன்னொரு பழக்கமும் வந்தது: தலைவர் கை தட்டினால்தான் கை தட்டுவது, தலைவர் எழுந்தால் எல்லாரும் எழுந்துவிடுவது. யாரும் சட்டம் போடவில்லை. நாங்களே பழகிக்கொண்டோம். அதற்காக என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றி எங்களில் ஒருவர் பேசுவார். அந்த வருஷம் என் முறை வந்தது. யாரைப் பற்றி என்பதை நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருத்தர் ஒரு கட்டு ஜெராக்ஸ் அனுப்பியிருந்தார். ஐரோப்பாவில், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கென்று வந்த ஆரம்பகாலப் பத்திரிகைகளில் ஒன்றை நடத்தியவரைப் பற்றியது. ஒரு மழைக்காலம் முழுக்க அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். பகலில் மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் சமையலறை மேசையில் பத்திரிகை. சொந்தப் பெயர் போடமுடியாது, புனைபெயர்தான். உறையில் அனுப்புநர் பெயர் இருக்காது. சந்தாதாரர் விலாசங்களை எழுதி வைக்காமல் மனப்பாடமாகவே வைத்திருந்தாராம், போலீஸ் வந்தால் எடுத்துக்கொண்டு போக ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது என்று. எனக்கு மூன்று பேரின் போன் நம்பர்கூட ஞாபகம் நிற்காது. அந்த மனுஷர் ஊர் ஊராக, தெருத் தெருவாக, நூற்றுக்கணக்கான ஆட்களைத் தலைக்குள் குடிவைத்திருந்தார்.

அவர் சாது என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் எரிச்சல். அனுப்பிய கவிதையைக் கேட்காமலேயே திருத்துவார். வெறும் படத்துக்காகச் சந்தா கட்டுகிறவர்களை இதழிலேயே ஏசுவார். புனைபெயரில் இவருக்கு எழுதிவிட்டுப் பகலில் மேடையேறி இவரைப் போன்றவர்களையே வசைபாடுகிற பெரிய மனிதர்கள்மேல் அவருக்கு இருந்த இளக்காரம் இருக்கிறதே, அதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சூடாகும். அதே ஆள் தன் வாசகர்களுக்கு, தெருவில் சத்தமாகச் சிரிக்காதீர்கள், நளினமாக நடக்காதீர்கள், கௌரவமாக இருங்கள் என்றும் உபதேசம் செய்வார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடிக்காது. கௌரவம் பார்த்துத்தான் எல்லாரும் குட்டிச்சுவராகப் போனோம்.

ஆனால் ஒன்று. மலைக்கிராமத்து விவசாயி ஒருவன் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறான், இந்த மலையில் என்னைப் போல இன்னொருவன் இருக்கிறானா என்று. விலாசம் சொல்லமுடியாதே, யாரையும் காட்டிக்கொடுக்கமாட்டார். இருக்கிறான் என்று மட்டும் பதில் போட்டாராம். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் காப்பிக்கொட்டை காயப்போடவில்லை.

பதினோரு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இது: ‘அந்தக் காலத்தில் நானும் அவருக்குச் சந்தா கட்டியிருப்பேன்; எங்கள் வீட்டுக்கு ஒரு பிரதி வந்தால் போதும், அதைப் பெற்றுக்கொள்ள நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.’ அதை மேடையில், தெரிந்த முகங்களுக்கு முன்னால், என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதில் வேறொன்றும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை.

கட்டுரையையும் ஒரு புகைப்படத்தையும் மூன்று வாரம் முன்பே தலைவர் வீட்டில் கொடுத்தேன். மேலே ஒரு தாளில் தலைப்பு: ‘ஐரோப்பாவில் ஒரு பத்திரிகை ஆசிரியர்.’ அவர் அந்தத் தாளைப் படித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். கட்டுரை எனக்குத் திரும்பி வந்தபோது பின் அடித்த மூலை மடங்கவே இல்லை; முதல் பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம் மட்டும் இருந்தது. “பிரமாதங்க! எளிமையா இருக்குது” என்றார். எளிமையாகத்தான் இருக்கும், ஒரே ஒரு வரி படித்தவருக்கு.

பிளக்ஸ் அடித்தது கீழே பேளுக்குறிச்சியில் அச்சுக்கடை வைத்திருக்கும் பாய். எனக்குப் பழக்கமான மனிதர், சந்தைக்குப் போனால் டீ வாங்கிக் கொடுப்பார். நடந்ததைப் பிறகு அவர்தான் சொன்னார்.

“வெள்ளைக்காரரு பெரிய ஆளுங்களா சார்னு கேட்டனுங்க. உலக லெவல்னாரு. அப்பறம், ‘பாய், நான் தனியா நின்னா எடுப்பா இருக்காது, அவரு தோள்ல நான் கை போட்டுருக்கற மாதிரி வெச்சிருங்க’ன்னாரு. அவரு இருக்காரான்னு கேட்டேன், செத்து ரொம்ப வருசம் இருக்கும்னாரு. செத்தவங்க தோள்ல கை போடலாமுங்களான்னேன். ‘யாரு வந்து கேக்கப்போறா?’ன்னு சிரிக்கறாருங்க.”

பாய் கைகாரர். வேறு ஏதோ கல்யாணப் படத்திலிருந்து ஒரு கையை எடுத்து ஒட்டியிருந்தார். கையில் மோதிரம்கூட இருந்தது. மருந்துக்கடை ஆசிரியர் அந்தப் பழைய கோட்டில் இறுக்கமாக நிற்க, எங்கள் தலைவர் அவர் தோளை அணைத்துக்கொண்டு சிரித்தார். ‘உலக இதழியலின் விடிவெள்ளியுடன் நம் தலைவர்’ என்று எழுத்து. அடியில் ஓரமாக, ஸ்டாம்பு அளவில், நான். பிளக்ஸ் மூன்று நாள் நின்றது. மூன்று நாளும் தலைவர் அதன் கீழே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல வந்து நின்றுவிட்டு, பஸ் ஏறாமல் போனார்.

கூட்டத்தன்று காலை அதைப் போட்டோ எடுத்து, தன்னோடு ஓய்வு பெற்ற அதிகாரிகள் வாட்ஸ்அப் குரூப்பிலும் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மருமகன் முறைப் பையன் ஒருத்தன் அந்த முகத்தைப் போனில் தேடியிருக்கிறான். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது: மாமா, நீங்க இவ்வளவு முற்போக்குன்னு தெரியாதே! அதற்குக் கீழே அதிகாரிகள் குரூப்பில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்திருக்கின்றன. நாற்பது வருஷம் பைல் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு, பார்க்காமல் போட்ட ஒரு கை வந்து சிக்கிக்கொண்டது.

அதே நாள் காலை, எங்கள் வீட்டு வாசலில், என் ஆள் ஜீப் கழுவிக்கொண்டிருந்தார். கடைசி வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவரைக் கேட்காமல் சொல்லமுடியாது. ‘இரண்டு பேர்’ என்பதில் பாதி அவர்.

துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். “ஏப்பா, இருபத்திரண்டு வருசமா எங்கிட்ட ஒரு நாளாவது இப்பிடிச் சொல்லியிருக்கியா? நேரா மைக்குலதான் சொல்லுவியா?”

“உனக்குத் தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சாக் கேக்கக் கூடாதுன்னு இருக்குதா?” கொஞ்ச நேரம் சக்கரத்தைத் தேய்த்தார். “சொல்லு. சொல்றப்ப அழுதுறாத. உனக்கு மூக்கு ஒழுகும், பாக்கச் சகிக்காது.”

இவ்வளவுக்கும் பிறகுதான் பிளக்ஸுக்கு அடியில் அந்தப் பேச்சு. ஆளை விடு, பத்திரிகையை விடு என்று தலைவர் சொல்லி முடித்ததும் நான், “ரெண்டையும் சேர்த்துத்தாங்க பேசுவேன்” என்றேன்.

“நான் ஒண்ணும் பழங்காலத்து ஆளில்லீங்க. சட்டமே சரின்னு சொல்லிருச்சு, எனக்கென்னங்க? ஆனா பிளக்ஸுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?”

“பிளக்ஸுக்குத் தனிச் சட்டமுங்களா?”

“வெளையாடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு உங்களைப் பத்தியே தப்பாப் பேசுவாங்க.”

“தப்பாப் பேச ஒண்ணுமில்லீங்க. அது நெசந்தான்.”

அவருக்குப் புரியவில்லை. கடைசி வரியைச் சொன்னேன். என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த என் ஆளைப் பார்த்தார். அந்த ஜீப்பில்தான் மூன்று வருஷமாக முன்சீட்டில் உட்கார்ந்து வந்து போகிறார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றார், நான்தான் அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி.

“பதினோரு பக்கம் சொன்னேனுங்க. நீங்க படிக்கல.”

அவர் குரல் மாறியது. ஆபீஸ் குரல் வந்தது. “சரி. நீங்க பேசுங்க. நான் இருக்கமாட்டேன். நான் எந்திரிச்சுப் போனா அங்க ஒருத்தன் உக்காந்திருக்க மாட்டான், தெரியுமில்ல?”

தெரியும். எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். திட்டினால் தாங்கிக்கொள்வேன். காலி நாற்காலிகளைப் பார்த்து அந்த வரியைச் சொல்லத் தைரியமில்லை. அப்படிச் சொல்வதற்கு வீட்டிலேயே மிளகு மூட்டைகளிடம் சொல்லியிருக்கலாம்.

அவர் பேக்கரிக்குள் போனார். ஏணி கேட்டார். பன் வெட்டுகிற கத்தியையும் கேட்டார். பேக்கரி மாஸ்டர் காரணம் கேட்காமல் கொடுத்தார். பெரிய மனிதர்களிடம் காரணம் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூட்டுவலிக்காரர், ஏணியில் ஏறினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், மாடிக்குப் போக வந்த எங்கள் வட்டத்துக்காரர்கள், எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் தன் தலையைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, இடுப்பு வரை, கத்தியால் அறுத்துத் தன்னை வெளியே எடுத்தார். அறுக்கும்போது காதருகே கோணிப்போய், ஒரு காது அங்கேயே தங்கிவிட்டது.

கீழே பேக்கரி மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு, “சார், கையை விட்டுட்டீங்க” என்றார்.

ஆசிரியர் தோளில் அந்தக் கல்யாண வீட்டுக் கை மோதிரத்தோடு அப்படியே கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் ஆசிரியர் தோளை அறுக்க வேண்டும். தலைவர் கத்தியை ஓங்கினார், அண்ணாந்த முகங்களைப் பார்த்தார், இறங்கினார்.

“நீங்க எதுக்கு சார் மேல ஏறோணும்? முந்தியே சொல்லியிருந்தா நான் வெட்டித் தந்திருப்பேன், கிழங்கு வெட்டறதுதான எனக்குப் பொழப்பு” என்றாள் மரவள்ளி அக்கா. சிரிப்பு ரோட்டைத் தாண்டிப் போனது. நான் சிரிக்கவில்லை. அவர் போகப் போகிறார், கூட்டம் கலையப் போகிறது என்பதிலேயே என் நினைப்பு இருந்தது.

அவர் தன்னைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக ஜீப்புக்குப் போனார். முன்சீட்டுக் கதவைத் திறந்தார்.

“ஊட்டுல உட்டுருங்க” என்றார் என் ஆளிடம்.

என் ஆள் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். “கூட்டம் முடிஞ்சதும் வாரேனுங்க.”

“இப்பப் போகோணும்.”

“ஆகாதுங்க சார். எங்க ஊட்டுக்காரரு பேசறாரு, நான் இருக்கோணும்.”

மூன்று வருஷத்தில் அவர் தலைவருக்கு ஆகாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என்னை ‘எங்க ஊட்டுக்காரரு’ என்று யார் எதிரிலும் சொன்னதும் அதுதான் முதல் தடவை. நான் மைக்கில் சொல்ல இருந்ததை அவர் நடுரோட்டில், கையில் அழுக்குத் துணியோடு, முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

குண்டனி நாட்டுப் பக்கம் போகும் பஸ் ஆறரைக்குத்தான். மூடுபனி தூறலாக மாறியது. பேக்கரிக்குள் நின்றால் மாஸ்டர் சிரிப்பு. ரோட்டில் நின்றால் மழை. தலைக்கு மேலே தன்னுடைய ஓட்டை. தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு படியேறி மாடிக்கு வந்தார். மேடைக்கு வரவில்லை. கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும், படியில் நின்று தயங்கிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பழக்கம் அப்படி. கெட்ட பழக்கம்தான், அன்றைக்கு எனக்கு உதவியது.

நான் பேசினேன். மருந்துக்கடை, உறைகள், மனப்பாட விலாசங்கள், மலைக்கிராமத்து விவசாயி, நளினமாக நடக்காதே என்ற உபதேசம்வரை ஒன்றையும் விடவில்லை. ஆளையும் விடவில்லை, பத்திரிகையையும் விடவில்லை. கடைசி வரிக்கு வந்தேன். மூக்கு ஒழுகியது, சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு சொன்னேன். டீச்சர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தபால்காரர் மெல்லத் திரும்பி, கைதட்டலாமா என்று கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு எல்லாருமே திரும்பினார்கள்.

தலைவர் மடியிலிருந்த சுருளை விரித்தார். அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, முகம் உள்பக்கமாகப் போகும்படி மறுபடியும் சுருட்டிக்கொண்டார்.